பூச்சாண்டி ஒரு முறைதான் பலிக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அச்சமூட்டும் பலகை விளையாட்டுகளைப் பற்றி வெளியான அறிமுகக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல், பெரியவர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து மணிக்கணக்கில் மூழ்கிப்போகும் ஒரு வடிவமாக அவற்றை மதித்து எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு விளையாட்டை மீண்டும் மீண்டும் ஆட முடியுமா என்ற கேள்வி வந்தபோது, கட்டுரையாளர் ஒரே ஓர் அளவுகோலை மட்டுமே கையில் எடுத்திருக்கிறார்: பெட்டிக்குள் எத்தனை கதைகள், எத்தனை அரக்கர்கள், எத்தனை அட்டைகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. 50 கதைகள் இருந்தால் 50 முறை ஆடலாம், 100 இருந்தால் 100 முறை ஆடலாம் என்பது அவர் கணக்கு. இவ்வகை விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே நண்பர் குழுவுடன் ஆடி வருபவன் என்ற முறையில், அந்தக் கணக்கோடு எனக்குள்ள மாறுபாட்டைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

திடுக்கிடுவது வேறு, அஞ்சுவது வேறு. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கத்துபவனைக் கண்டு நாம் திடுக்கிடுகிறோம். அவன் அங்கேதான் ஒளிவான் என்று தெரிந்துவிட்டால் மறுமுறை சிரிப்புத்தான் வருகிறது. அதே வீட்டில், எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தெரியாமல், ஆனால் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்து, ஒவ்வொரு தாழ்ப்பாளாக நாமே கைவைத்துத் திறக்க வேண்டியிருந்தால், அது பத்தாவது முறையும் வயிற்றைப் பிசையும். அச்ச விளையாட்டுகளில் திரும்ப ஆடத்தக்கது எது, அலமாரியில் தூசி படிவது எது என்பதைப் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது என்பது என் கருத்து. ஆபத்து இன்னதென்று ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எந்நேரத்தில், எவரிடமிருந்து வரும் என்பது தெரியாமலிருக்க வேண்டும். அந்தத் தெரியாமையைக் கதையாசிரியர் ஒரு முறை எழுதிவைத்துவிட்டுப் போகாமல், விதிகளே ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக உண்டாக்க வேண்டும்.

1991-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ‘நைட்மேர்’ என்ற விளையாட்டு இதற்கு நல்ல சான்று. சில நாடுகளில் அதை ‘அட்மாஸ்ஃபியர்’ என்ற பெயரில் அறிவார்கள். பலகையோடு ஒரு வீடியோ நாடாவும் வரும். அதை ஓடவிட்டால் தொலைக்காட்சித் திரையில் ‘வாயிற்காவலன்’ என்றொரு கோர முகம் தோன்றி, ஆடுபவர்களை நடுநடுவே அதட்டும், தண்டிக்கும், கேலி செய்யும். 60 நிமிடத்துக்குள் யாராவது சாவிகளைத் திரட்டிக்கொண்டு பலகையின் நடுவை அடைந்து வெல்ல வேண்டும். இல்லையேல் வெற்றி அவனுக்கு. முதல் ஆட்டத்தில் அவன் திரையில் பாயும்போது அறையே அதிரும். மூன்றாவது ஆட்டத்தில், அவன் எந்த நிமிடம் வாயைத் திறப்பான், என்ன சொல்வான் என்பதை ஆடுபவர்களே அவனுக்கு முன்னால் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாடா என்பது எழுதிவைக்கப்பட்ட திடுக்கிடல். அதற்கு ஆயுள் குறைவு.

அதே பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் அச்சம் தருவது எது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். நடுவை அடைந்தவர் அந்தச் சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுக்கும்போது தம்முடைய அச்சமே கைக்கு வந்துவிட்டால் வெற்றி நழுவிப்போகும். விலை மலிந்த காகிதத் துண்டு; எந்த நடிகரும் ஒப்பனையும் தேவைப்படாத ஏற்பாடு. ஆனால் நாடா புளித்துப்போன பிறகும் அந்தச் சீட்டை எடுக்கும் கை தயங்கவே செய்யும், ஏனென்றால் அதில் எழுதியிருப்பதை அந்த மேசையில் இருப்பவர்களில் ஒருவர் இன்று எழுதினார். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்பட்டது வாயிற்காவலன் முகம், நீடித்தது சீட்டு.

கட்டுரையாளர் முதன்மையாக எடுத்துக்காட்டிய ‘பிட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் த ஹில்’ என்ற விளையாட்டுக்கு வருகிறேன். 2004-இல் வெளியான இதில் 50 கதைமுடிச்சுகள் உண்டு. 2016-இல் வந்த இணைப்புப் பெட்டி இன்னொரு 50-ஐச் சேர்த்தது. எண்ணிக்கைதான் இதன் உயிர் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். நான் உடன்பட மாட்டேன். பாழடைந்த ஒரு மாளிகைக்குள் மூன்று முதல் ஆறு பேர் நுழைந்து, அறை அறையாகக் கதவைத் திறக்க, ஒவ்வோர் அறையும் ஒரு சதுர அட்டையாகப் பலகையில் வந்து சேர்கிறது. சில அறைகளில் சகுன அட்டை எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்தவர் உடனே ஆறு பகடைகளை உருட்ட வேண்டும். அவற்றின் முகங்களில் 0, 1, 2 என்ற மூன்று மதிப்புகளே சம அளவில் இருக்கும். உருட்டிய கூட்டுத்தொகை, அதுவரை எடுக்கப்பட்ட சகுன அட்டைகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தால், மாளிகை விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் நம்மில் ஒருவர் மற்றவர்களுக்கு எதிரியாகிவிடுவார். முதல் இரண்டு பதிப்புகளின் விதி இது.

இந்தச் சிறு விதியை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் சகுன அட்டையிலேயே மாளிகை விழிக்க ஆறு பகடையிலும் சுழியமே விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 729-இல் ஒன்று. மூன்றாவது அட்டையில் அது 26-இல் ஒன்றாகிறது. ஐந்தாவதில் ஏறத்தாழ 23 விழுக்காடு. ஏழாவதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. தொடக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்தால், ஏழாவது அட்டைக்குள் எங்காவது ஓரிடத்தில் அது நிகழ்ந்துவிட ஏறத்தாழ 84 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆடுபவர்கள் எவரும் மேசையில் இந்தக் கணக்கைப் போடுவதில்லை என்றாலும், நான்காவது அட்டையிலிருந்து பகடையைக் கையிலெடுப்பவரின் பேச்சு குறைந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு முறை வெறும் சடங்காக உருட்டப்பட்ட அதே பகடை, அதே ஆறு துண்டுகள், இப்போது கனக்கின்றன. நேரம் நெருங்குகிறது என்பது எல்லோர் கண்முன்னும் அட்டைகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அது எந்த உருட்டலில் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. 50 கதைகளுக்குப் பதில் ஐந்தே கதைகள் இருந்திருந்தாலும் இந்த இருபது நிமிடக் காத்திருப்பு குறைந்திருக்காது.

கதைகள் தீர்ந்துபோவதைக் குறித்த கவலைக்கு என் குழுவின் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். எந்தச் சகுனம், எந்த அறை என்பதை வைத்து ஒரு பட்டியலைப் பார்த்தே கதை தீர்மானிக்கப்படும் என்பதால், ஒரே கதை சில மாத இடைவெளியில் எங்களுக்கு இரண்டாம் முறை வந்தது. முதலில் எல்லோரும் சலித்துக்கொண்டோம். ஆனால் முதல் முறை எதிரியாக இருந்தவர் இந்த முறை எங்கள் பக்கம் இருந்தார். எதிரி எதைச் செய்யக் கூடியவர் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவருடைய பதற்றம் எங்களையும் தொற்றிக்கொண்டது. முதல் முறை, என்ன நடக்கிறதென்று புரிவதற்குள்ளேயே தோற்றோம். இரண்டாம் முறை, நடக்கப்போவது தெரிந்து, அதற்குள் தப்பிக்க முடியுமா என்று ஒவ்வோர் அறையையும் எண்ணி எண்ணி நகர்ந்தோம். எது அதிக அச்சமூட்டியது என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.

இதில் ஒரு பொதுவான உண்மையும் அடங்கியிருக்கிறது. சற்றுச் சிக்கலான விதிகள் கொண்ட அச்ச விளையாட்டில் முதல் ஆட்டம் பெரும்பாலும் அச்சமே இல்லாத ஆட்டமாகத்தான் முடியும். பேய் வந்து நிற்கும். நாம் விதிப்புத்தகத்தின் 14-ஆம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். கதவைச் சாத்தலாமா கூடாதா, அடிபட்டவர் நகரலாமா கூடாதா என்ற வழக்காடலில், சாக வேண்டியவர் செத்தாரா என்பதுகூட மறந்துபோகும். விதிகள் கைப்பழக்கமாகி, புத்தகம் பெட்டிக்குள்ளேயே கிடக்கத் தொடங்கும் போதுதான் பேய்க்கு நம் முழுக் கவனமும் கிடைக்கிறது. ஆகவே மீண்டும் ஆடுவது என்பதை ஒரே கதையைத் திருப்பிப் படிப்பதுபோல் கருதி, அதில் சுவை குறைந்துகொண்டே போகும் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுவது இந்த வகை விளையாட்டின் இயல்புக்கே பொருந்தாது. (விளக்குகளை அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடினால் அச்சம் கூடும் என்று கட்டுரையாளர் ஆலோசனை கூறியிருக்கிறார். நாங்களும் முயன்று பார்த்தோம். அட்டையிலுள்ள பொடியெழுத்து தெரியாமல் கண்வலி கூடியது, அச்சம் கூடவில்லை.)

தெரிந்ததும் தெரியாததும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் வெளிப்படுகிறது. 2016-இல் வந்த ‘ஆர்காம் ஹாரர்: தி கார்ட் கேம்’ விளையாட்டில் பகடைக்குப் பதிலாக ஒரு பை இருக்கிறது. அடிப்படைப் பெட்டியின் தொடர்கதையை நடுத்தரக் கடுமையில் ஆடினால் அந்தப் பையில் 16 வில்லைகள் இருக்கும். பெரும்பாலானவை நம் திறனிலிருந்து சிறிது கழிப்பவை. ஒன்று மட்டும், நாம் எவ்வளவு வலிமையோடு முயன்றிருந்தாலும் அந்த முயற்சியை ஒரேயடியாகத் தோற்கடிப்பது. 16-இல் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கவனமாக அட்டைக்கட்டை அமைத்தாலும் அந்த ஒன்றைப் பையிலிருந்து அகற்ற முடியாது. கதை முழுவதும் மனப்பாடமான பிறகும், உயிர் போகும் தறுவாயில் பைக்குள் கைவிடும் அந்தக் கணம் பழகிப்போவதில்லை. இதனோடு ஒப்பிட, அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பு கண்ட ‘மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். 2011-இல் வந்த முதல் பதிப்பில் ஒருவர் எதிர்த்தரப்பாக அமர்ந்து மாளிகையை இயக்குவார். இரண்டாம் பதிப்பில் அந்த வேலையை ஒரு செயலி ஏற்றுக்கொண்டது. வரைபடத்தை மறைத்துவைப்பதிலும் கதை சொல்வதிலும் அது கெட்டிக்காரச் செயலி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மேசையில் இருப்பவற்றைக் கொண்டு நம்மால் கணிக்க முடிவதில்லை. திரை சொல்லும்போது தெரிந்துகொள்கிறோம். முற்றிலும் தெரியாத ஒன்றுக்காக மனிதன் நெடுநேரம் அஞ்சிக்கொண்டிருக்க மாட்டான். சிறிது நேரத்தில் காத்திருக்கப் பழகிவிடுவான்.

எண்ணிக்கைக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்றையும் சுருக்கமாகச் சுட்ட விரும்புகிறேன். 2019-இல் வெளியான ‘ஹாரிஃபைட்’ விளையாட்டில் ஆறு அரக்கத் தரப்புகள் உண்டு. அவற்றில் இரண்டையோ மூன்றையோ நான்கையோ தேர்ந்து, அனைவரும் ஒன்றுசேர்ந்து எதிர்க்கலாம். இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நந்நான்காக 15 என்று மொத்தம் 50 சேர்க்கைகள் வருகின்றன. மேலே சொன்ன 50 கதைகளுக்குச் சரிசமம். ஆனால் டிராகுலாவை வீழ்த்தச் சவப்பெட்டிகளை உடைக்க வேண்டும் என்பது எந்தச் சேர்க்கையிலும் மாறாது. ஒவ்வோர் அரக்கனும் ஒரு புதிர். புதிரின் விடை தெரிந்துவிட்டால், பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் அது விடை தெரிந்த புதிர்தான். சிறுவர்களோடும் புதியவர்களோடும் ஆட இது மிக நேர்த்தியான விளையாட்டு. அதில் எனக்கு ஐயமில்லை. மீண்டும் ஆடுவதற்கான காரணம் அந்த 50 என்ற எண்ணில் இருக்கிறது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் நான்கு இடங்களில் பிறக்கும் என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அச்ச விளையாட்டுகளின் பெட்டி அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் முதல் இரண்டும்தான் எங்கும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். ஆவிகள், கோரப்பற்கள், நகங்கள். மேசையில் நீடித்து வேலை செய்வது மூன்றாவது. உடன் அமர்ந்திருப்பவரே கள்வராக இருக்கக்கூடும் என்ற ஐயத்தை எந்த ஓவியராலும் பெட்டியின் மேல் தீட்ட முடியாது என்பதாலோ என்னவோ, விளம்பரங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

2014-இல் வந்த ‘டெட் ஆஃப் விண்டர்’ விளையாட்டை இந்த இடத்தில் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடைபிணங்கள் சூழ்ந்த ஒரு பனிக்கால முகாமில் உயிர்தப்பியவர்களைக் காப்பது எல்லோருக்கும் பொதுவான இலக்கு. அதற்கு மேல் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இரகசிய நோக்க அட்டை. அந்த அட்டைகளைப் பகிரும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு வீதம் துரோகமற்ற அட்டைகளை எடுத்து, அவற்றோடு ஒரே ஒரு துரோக அட்டையைக் கலந்து, ஆளுக்கு ஒன்று மட்டும் கொடுக்க வேண்டும். நான்கு பேர் ஆடினால் ஒன்பது அட்டைகளில் நான்கு கைகளுக்குப் போகின்றன. ஆகவே நம்மிடையே துரோகி இருப்பதற்கான வாய்ப்பு ஒன்பதில் நான்கு. பாதிக்கும் குறைவு! துரோகி உறுதியாக இருக்கிறான் என்றால் அது துப்பறியும் கதை. உறுதியாக இல்லையென்றால் அது கூட்டுறவுச் சங்கம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற நிலையில்தான் நல்லவரின் சாதாரணத் தன்னலமும் துரோகமாகத் தோன்றத் தொடங்குகிறது. பொது நெருக்கடிக்கு ஒவ்வொருவரும் அட்டையைக் கவிழ்த்து வைத்துத்தான் உதவ வேண்டும். அதை விரித்துப் பார்க்கும்போது உதவாத ஓர் அட்டை கிடந்தால் அது கெடு எண்ணமா, கையில் வேறு அட்டை இல்லாத ஏழ்மையா என்பது யாருக்கும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விதிப்புத்தகம் எழுத முடியுமா என்று நான் வியந்ததுண்டு.

அதிலேயே இன்னொரு பகடையும் உண்டு. 12 முகங்கள் கொண்டது. முகாமைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் உருட்ட வேண்டியது. ஒரே ஒரு முகத்தில் பல்லின் குறி. அது விழுந்தால் அந்த ஆள் அங்கேயே இறப்பதோடு, பக்கத்திலிருப்பவர்களுக்கும் தொற்றக்கூடும். 12-இல் ஒன்று என்பது துணிந்து வெளியே போகத் தூண்டுமளவு சிறியது. பத்து முறை உருட்டினால் ஒருமுறையாவது அது விழ ஏறத்தாழ 58 விழுக்காடு வாய்ப்பு என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் உறைக்கும்.

எங்கள் குழு ஒரு முறை, தொடர்ந்து பொருள்களைப் பதுக்கிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரை வாக்கெடுத்து முகாமிலிருந்து வெளியேற்றியது. ஆட்டம் முடிந்து அட்டைகளைத் திருப்பியபோது துரோகி எவருமே இல்லை. அவருடைய இரகசிய நோக்கமே சில பொருள்களைச் சேர்த்துவைப்பதுதான். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் மீண்டும் ஆடியபோது துரோக அட்டை அவருக்கே போயிருந்தது. அவர் அதே போலப் பதுக்கினார், போன வாரத்துக் குற்ற உணர்ச்சியால் அவர் மேல் கைகாட்ட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை, அவர் வென்றார். அந்த இரண்டாவது ஆட்டத்தை எந்த அட்டையும் எந்தக் கதையும் உண்டாக்கவில்லை. முதல் ஆட்டம்தான் உண்டாக்கியது. கட்டுரையாளரின் எண்ணிக்கைப் பட்டியலில் இதற்கு எந்தக் கட்டத்தில் இடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2018-இல் வந்த ‘நெமெசிஸ்’ இந்த ஐயத்தை விண்கலம் ஒன்றுக்குள் கொண்டுபோய் அடைத்து, அதை மேலும் இறுக்குகிறது. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நோக்க அட்டைகள் தரப்படுகின்றன. முதல் வேற்றுயிர் எதிர்ப்படும்போது அவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் கைவிட வேண்டும். அதாவது, நாம் எப்படிப்பட்டவர் என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டிய கட்டாயம் மிகவும் பதற்றமான நொடியில் வருகிறது. கலம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது, இயந்திரங்கள் வேலை செய்கின்றனவா என்பவை மறைத்தே வைக்கப்பட்டிருக்கும். போய்ப் பார்த்தவர் தாம் பார்த்ததை உண்மையாகச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ‘இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நண்பர் சொல்லிவிட்டு, அவர் மட்டும் தப்பியோடும் சிறுகலங்கள் இருக்கும் திசையில் நடந்தால், அந்த நடை எந்த வேற்றுயிரைவிடவும் அச்சம் தருவது. அறைக்கு அறை நகரும்போது எழும் ஓசையைக்கூடக் குறிவைத்துக் கணக்கில் கொள்கிறார்கள். ஏற்கெனவே ஓசைக்குறி விழுந்த நடைவழியில் மீண்டும் ஓசை எழுந்தால் வேற்றுயிர் வந்துவிடும். இந்த ஏற்பாட்டை முதல் பத்து நிமிடத்திலேயே எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். புரிந்துகொண்டதால் அச்சம் குறைவதாகத் தெரியவில்லை.

எதிரி யார் என்பதில் மறைவே இல்லாத ஆட்டத்திலும் அச்சம் நீடிக்கும் என்பதற்கு ‘ஃப்யூரி ஆஃப் டிராகுலா’ போதும். 1987-இல் முதலில் வெளியான இதில் யார் டிராகுலா என்பது முதல் நொடியிலிருந்தே ஊரறிந்த செய்தி. எதிரே அமர்ந்திருக்கும் அந்த ஒருவர்தான். மற்ற வேட்டைக்காரர்கள் ஐரோப்பா முழுவதும் அவரைத் தேடுகிறார்கள். 2005-க்குப் பின் வந்த பதிப்புகளில், அவர் கடைசியாகத் தங்கிய ஆறு இடங்கள் கவிழ்த்த அட்டைகளாகப் பலகையின் ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும். வேட்டைக்காரர் அவற்றில் ஏதாவதோர் இடத்தை மிதித்தால் அட்டை திரும்பும். ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே நிலப்படம், அதே நகரங்கள், அதே டிராகுலா. இதில் புதிதாக எதுவுமே பெட்டியிலிருந்து வருவதில்லை. போன முறை வடக்கே ஓடியவர் இம்முறையும் வடக்கே ஓடுவாரா, அல்லது நாம் அப்படி நினைப்போம் என்று நினைத்து எதிர்த்திசையில் போயிருப்பாரா என்ற கேள்வி மட்டுமே புதிது. ஒரே நபரோடு எத்தனை முறை ஆடுகிறோமோ அத்தனை மடங்கு அந்தக் கேள்வி கடுமையாகிறது. துரத்தப்படுபவர் பக்கம் அமர்ந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: வேட்டைக்காரர்கள் விவாதித்தபடியே நம் அட்டையிருக்கும் நகரத்தின் மேல் விரலை வைக்கும்போது முகத்தை அசையாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது.

‘மிஸ்டீரியம்’ பற்றிக் கட்டுரையாளர் ஒரே வரியில், அது அச்சமூட்டவில்லை என்று கடந்துபோயிருக்கிறார். ஆவியாக அமர்பவர் பேசாமல் படங்களை மட்டும் கொடுத்துக் கொலையாளியை உணர்த்த வேண்டிய அந்த விளையாட்டு உண்மையிலேயே குலைநடுங்க வைப்பதில்லைதான். ஆனால் பேச முடியாத ஆவியின் தவிப்பை, அந்த இருக்கையில் ஒருமுறை அமர்ந்தவர் மறக்க மாட்டார். படங்கள் பழகப் பழக, இன்னாருக்கு இன்ன படம் என்ன சொல்லும் என்ற நுண்மையான மொழி ஒன்று குழுவுக்குள் வளர்கிறது. மீண்டும் ஆடத்தக்கதா என்பதுதான் கேள்வி என்றால் இதையும் சேர்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், அச்சத்தோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் சிலவற்றையும் மறைக்கக் கூடாது. பெட்டியைத் திறந்து காய்களை அடுக்கவே முக்கால் மணி நேரம் பிடிக்கும் விளையாட்டு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், ‘இன்னொரு நாள் பார்ப்போம்’ என்ற சொல்லிலேயே அதன் காலம் கழிந்துவிடும். மூன்று மணி நேர ஆட்டத்தில் இருபதாம் நிமிடத்தில் செத்துப்போய்ப் பிறர் ஆடுவதை வேடிக்கை பார்க்க நேர்ந்தவர் அடுத்த அழைப்புக்கு வேறு வேலை இருப்பதாகவே சொல்வார். தோல்வியின் தரமும் முக்கியம்: பகடை சரியாக விழவில்லை என்று முடியும் தோல்வி அன்றோடு மறக்கப்படும், அந்தக் கதவை நான் சாத்தியிருக்க வேண்டும், அவரை நம்பியிருக்கக் கூடாது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்தும் தோல்விதான் மறுபடி பெட்டியைத் திறக்க வைக்கிறது.

ஒருமுறை மட்டுமே ஆடத்தக்க வகையில் எழுதப்பட்டவற்றையும் நான் குறைகூற வரவில்லை. அட்டையில் ஒட்டுவில்லை ஒட்டியும், பெயர்களை மையால் எழுதியும், ஆட்டத்துக்கு ஆட்டம் பலகையே நிரந்தரமாக மாறிப்போகும் தொடர்வகை விளையாட்டுகள் இருக்கின்றன. ‘பிட்ரேயல்’ பெயரிலேயே 2018-இல் அப்படி ஒன்று வந்தது. அவை முடியும்போது முடிந்துவிடுகின்றன. தொடக்கத்திலேயே அதைச் சொல்லியும் விடுகின்றன. அவற்றின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஒரு முறைக்கான பூச்சாண்டியைக் கட்டிவைத்துவிட்டு, பெட்டியின் பின்புறத்தில் ‘எண்ணற்ற முறை ஆடலாம்’ என்று அச்சிடுவதோடுதான் எனக்கு வழக்கு.

ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இவ்வகை விளையாட்டுகளுக்கு மதிப்புரை வெளியிடும்போது, எழுதியவர் அதை எத்தனை முறை ஆடினார், ஒரே குழுவோடு ஆடினாரா வெவ்வேறு குழுக்களோடா என்பதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் குறிப்பிடச் செய்யுங்கள். ஒரே முறை ஆடியிருந்தால் அதையும் அப்படியே அச்சிடலாம்; அதில் இழிவு ஒன்றுமில்லை. பெட்டிக்குள் எத்தனை அட்டைகள் என்பதை வாசகர் பெட்டியின் மேலேயே படித்துக்கொள்வார். மூன்றாம் முறை ஆடும்போது மேசையில் என்ன நடந்தது என்பதை மட்டும், ஆடியவர் சொன்னால்தான் எங்களால் அறிய முடியும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்